உறுமி லண்டனுக்குப் போன கதை

இங்க புதுச்சேரியில எங்க தெருத் திருவிழாவுக்கு உறுமி வந்தா, சின்ன வயசுல ஜன்னலைச் சாத்திக்குவேன். பட்டிக்காட்டு மேளம்னு ஒரு நெனப்பு! அதை உடைச்சவர் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம்.

1975-ல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் 1986-ல் அகதியாக லண்டன் திரும்பியவர். 2006-ல் அமெரிக்க விசா கிடைக்கலை. சென்னைக்கு வந்தார், உறுமிக்காரர்களை வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்தால் வருமே, அந்த உறுமல்! அதோடு கம்ப்யூட்டர் தாளத்தைக் கலந்தார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' பாட்டுகள் அப்படி வந்தவைதான். 2007-ல் வந்த அந்த ஆல்பத்துக்கு அம்மா பேரையே வெச்சார்: 'கலா'.

லண்டன்லேர்ந்து ஒரு பொண்ணு வந்து எடுத்துட்டுப் போனப்புறம்தான் நம்ம தெரு மேளத்தோட அருமை எனக்குத் தெரிஞ்சுது. வெக்கமாத்தான் இருக்கு. இப்பல்லாம் ஜன்னலைத் திறந்துதான் வெக்கிறேன் மக்களே. உங்க ஊர்ல எப்படி? :-)