ஆளுமைப் பரிசோதனை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மனநல மருத்துவர் உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினருக்கோ ஆளுமைப் பரிசோதனையைப் பரிந்துரைத்திருக்கலாம். இது அறிவுத்திறனைச் சோதிக்கும் தேர்வன்று. இதில் வெற்றியோ தோல்வியோ இல்லை.

ஆளுமை என்றால் என்ன?

ஒருவர் சிந்திக்கும், உணரும், பிறரோடு பழகும் விதத்தில் நெடுங்காலம் நிலைத்திருக்கும் இயல்புகளின் தொகுப்பே ஆளுமை.

ஆளுமை எவ்வாறு உருவாகிறது?

சிக்மண்ட் ஃபிராய்ட் குழந்தைப் பருவ அனுபவங்களையும் மனத்தின் உள்முரண்களையும் முதன்மைப்படுத்தினார். ஆல்பர்ட் பண்டூரா, பிறரைப் பார்த்துக் கற்பதை வலியுறுத்தினார். மனிதரிடையே காணப்படும் ஆளுமை வேறுபாடுகளில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு மரபணுக்களோடு தொடர்புடையது என இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. வாழ்வனுபவங்களுக்கும் பெரும் பங்குண்டு. ஆகவே, வளர்ப்பு முறையே முழுக் காரணம் எனப் பெற்றோர் தம்மைக் குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

எவ்வாறு அளவிடப்படுகிறது?

• ஐம்பண்பு வினாநிரல்கள்: புறமுக இயல்பு, இணக்கம், பொறுப்புணர்வு, உணர்ச்சி நிலையின்மை, புதியவற்றை ஏற்கும் மனப்பாங்கு ஆகியவற்றை அளவிடுகின்றன. இப்பண்புகள் எல்லோரிடமும் கூடியோ குறைந்தோ காணப்படும்.

• மின்னசோட்டா பன்முக ஆளுமைப் பட்டியல்: 1943இல் வெளியானது. 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 567 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 'சரி' அல்லது 'தவறு' என விடையளிக்க வேண்டும். குறைகளை மறைப்பதையும் மிகைப்படுத்துவதையும் கண்டறியும் அளவுகோல்களும் இதில் உண்டு.

• ரோர்ஷாக் மைத்தடப் பரிசோதனை: 1921இல் வெளியானது, 10 படங்களைக் கொண்டது. இதன் நம்பகத்தன்மை குறித்து வல்லுநரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

பரிசோதனையின்போது

• மனத்தில் தோன்றும் உண்மையான விடையையே அளியுங்கள்.

• பராமரிப்பாளர்கள் நோயாளிக்கு விடை சொல்லித் தருதல் கூடாது; அது தவறான முடிவுக்கு வழிவகுக்கும்.

• படிப்பதில் சிரமமோ சோர்வோ இருப்பின் உளவியலாளரிடம் தெரிவியுங்கள்.

முடிவுகளைப் புரிந்துகொள்ளுதல்

கடும் மனச்சோர்வில் இருக்கும்போது அளிக்கப்படும் விடைகள், ஒருவரின் நிலையான இயல்பைவிட அவரது அப்போதைய துயரத்தையே காட்டக்கூடும். எனவே ஒரு பரிசோதனையை மட்டும் கொண்டு நோய் உறுதி செய்யப்படுவதில்லை. நேர்காணலும் வாழ்க்கை வரலாறும் சேர்த்தே ஆராயப்படும். இணையத்தில் கிடைக்கும் வினாவிடைகளை நம்பி மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

உடனடி உதவி

தற்கொலை எண்ணம் தோன்றினால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள மருத்துவமனையை உடனே அணுகுங்கள். அல்லது 24 மணிநேரமும் இயங்கும் டெலி-மானஸ் கட்டணமில்லா உதவி எண் 14416ஐ அழையுங்கள்.