ரெண்டு மில்லிமீட்டர்

பழைய கேனன் லென்ஸ் வாங்கப் போறீங்களா? மேலே 'எஃப்டி'ன்னு இருக்கா, 'இஎஃப்'ன்னு இருக்கான்னு முதலில் பாருங்க. கம்பெனி ஒண்ணுதான், ஆனா ஒண்ணோட கேமராவில் இன்னொண்ணு பொருந்தாது.

1987-ல் ஆட்டோஃபோகஸுக்காகக் கேனன் தன் மவுண்டையே மாற்றியது. இஎஃப் என்றால் 'எலக்ட்ரோ ஃபோகஸ்': மோட்டார் லென்ஸுக்குள்ளே, கேமராவோடு மின்தொடர்பு மட்டும். மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள இடைவெளி எஃப்டியில் 42 மி.மீ., இஎஃப்பில் 44. பழைய லென்ஸை எப்படியாவது மாட்டினாலும் 2 மி.மீ. முன்தள்ளி நிற்கும். பக்கத்துப் பூ தெளிவாக விழும், தூரத்து மலை விழாது. காசு சேர்த்து எஃப்டி லென்ஸ்களாக வாங்கி வைத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள்.

நிக்கான் 1959-ல் கொண்டுவந்த எஃப் மவுண்டையே தொடர்ந்தது. அதில் இடைவெளி 46.5 மி.மீ. அதனால் ஒரு வேடிக்கை: 2.5 மி.மீ. வளையம் போட்டால் போட்டிக் கம்பெனியின் பழைய லென்ஸ் கேனன் இஓஎஸ்ஸில் உட்காரும், கேனனின் சொந்தப் பழைய லென்ஸ் உட்காராது!

2012-ல் கேனனின் முதல் மிரர்லெஸ், இஓஎஸ் எம் வந்தது. இடைவெளி வெறும் 18 மி.மீ. நடுவே ஒரு அடாப்டர் வைக்க இடம் கிடைச்சது. 25 வருஷம் அலமாரியில் கிடந்த எஃப்டி லென்ஸ், கண்ணாடி எதுவும் சேர்க்காமலே, மறுபடி மலையைப் பார்த்தது.