வெற்றிலைத் தட்டமும் வைத்தியசாலை வழியும்

வன்னிப் பெருநிலத்தின் பழைய வீடுகளில் விருந்தினர் வந்தமர்ந்ததும் முதலில் நீட்டப்பட்டது வெற்றிலைத் தட்டமே. கலியாணத்துக்கு அழைப்பதும் வெற்றிலை வைத்தே. பரியாரியாருக்குக் கைம்மாறு கொடுப்பதும் வெற்றிலையின் மேல் வைத்தே. சூடு மிதிக்கும் இரவில் கண்ணயராதிருக்கவும், பசியை மறக்கவும், உழைப்பாளிகள் புகையிலைத் துண்டொன்றையும் சேர்த்துக் கொடுப்புக்குள் அடக்கிக்கொள்வர். இத்தகைய மங்கலப் பொருளிலே கொடிய நோயொன்று மறைந்திருக்கிறது என்றால் எவர்தாம் உடனே நம்புவர்?

நம்பச் செய்தவர்களின் வரலாறு நமக்கு அண்டை நிலத்திலேயே தொடங்குகிறது. நாகர்கோவிலுக்கு அண்மையிலுள்ள நெய்யூர், அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. அங்கிருந்த மிஷன் வைத்தியசாலையின் மருத்துவர் பென்டால், 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய குறிப்பொன்றை 1908இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதே ஊரிலிருந்து ஐ. எம். ஓர் என்பவர், வெற்றிலை மெல்வோரிடம் காணப்படும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933இல் 'லான்செற்' இதழில் எழுதினார். யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கு நெடுங்காலம் பெருஞ்சந்தையாக விளங்கியதும் அதே திருவிதாங்கூர்தான். அந்நோயாளரின் வாயில் அடங்கியிருந்தது நம்மவர் தோட்டத்து இலைதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் அந்த வணிகத்தால் நாம் செழித்ததை மறைப்பதும் முறையன்று.

புகையிலையை நீக்கிவிட்டாற் போதும் என்று பலர் எண்ணினர். 1952இல் சுவாட்ஸ் என்ற ஆய்வாளர், கிழக்கு ஆபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் சிலரின் வாய்த்தோல் இறுகி, வாய் திறக்க இயலாது போனதை விவரித்தார். அந்நோய்க்குப் பாக்கே முதற் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்குவது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இல் முடிவுகட்டியது. 2004இல் வெளியான அறிக்கையில் வெறும் பாக்கையும் அவ்வரிசையிற் சேர்த்தது. இலங்கை ஆண்களிடையே முதன்மையான புற்றுநோய் வாய்ப்புற்றே.

நோயின் காரணம் ஒன்று. அது கொல்லும் விதம் வேறு. ஐக்கிய அமெரிக்காவில் ஸ்பானிய மொழி வழியினராகிய லத்தீன் மக்களிடையே மொத்தப் புற்றுநோய் வெள்ளையரைவிடக் குறைவு. ஆயினும் இரைப்பை, ஈரல், கருப்பைக் கழுத்துப் புற்றுக்கள் அவர்களிடம் மிகுதி. காப்புறுதியின்மையும் வறுமையும் பலரைப் பரிசோதனைக்குக் காலந்தாழ்த்தியே கொண்டுவருகின்றன. வன்னியிலும் வறியவரை இத்தகைய தாமதமே வாட்டுகிறது.

1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிக் காடுகளை வெட்டிக் குடியேறியோர் பலர் நிலவுறுதியில்லாத நாட்கூலிகளாயினர். வேலையாறுதலுக்கு அவர்களிடம் இருந்ததும் வெற்றிலைப் பையே. புற்றுநோய்ச் சிகிச்சைக்கோ கொழும்பை அடுத்த மகரகம வரை, கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல், செல்லவேண்டியிருந்தது. 2006இல் ஏ-9 பாதை மூடப்பட்டபோது அந்த வழியும் அடைபட்டது. 2009இல் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துள் இருந்தவருக்கு வாய்ப்புண் ஒரு பொருட்டாகத் தோன்றியிருக்குமா?

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, வன்னியூடாக, 27 நாட்கள் மக்கள் நடந்து நிதி திரட்டினர். அதன் பயனாகத் தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. இது பெரும் ஆறுதல். ஆனால் முல்லைத்தீவுக் கரையிலிருந்து தெல்லிப்பளையும் 100 கிலோமீற்றருக்கு அப்பாலேயே உள்ளது. கதிர்ச் சிகிச்சையோ ஒருநாள் வேலையன்று, கிழமைகள் நீள்வது. கூலியை இழந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துச் சென்று, அங்கே தங்க இடமும் தேடவேண்டும்.

கொடுப்பின் உட்புறத்தில் வெண்படலம் அல்லது செம்படலம், இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வாய் திறப்பதிற் சிரமம்: இவற்றைப் பல் வைத்தியர் ஒளி பாய்ச்சிச் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார். தொடக்கத்திலே கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி. இடர் என்னவென்றால், அந்தப் புண் தொடக்கத்திற் பெரும்பாலும் நோவதில்லை. நோவில்லாத புண்ணுக்காக ஒரு நாட்கூலியை எவர் விடுவர்? அரிவு வெட்டு முடியட்டும் என்கிறார்கள். அது முடிந்ததும், சூடு மிதித்தபின் பார்க்கலாம் என்கிறார்கள்.