படத்திருத்தக் கருவிக் கையேட்டின் வரலாறு

கணினிக் கருவிகளுக்குக் கையேடு எழுதும் தொழிலுக்கு நிலையான வடிவம் தந்தது யுனிக்ஸ் இயங்குதளம். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய அதன் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 என்ற தேதியைத் தாங்கியது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம், தொடர்புடைய கோப்புகள் என்று ஒரே வரிசை. அவற்றோடு 'பிழைகள்' என்றொரு பகுதியும் இருந்தது. கருவியைச் செய்தவரே அதன் குறையை எழுத்தில் ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மையான வழக்கத்தைப் பின்வந்த வணிக மென்பொருள்களின் கையேடுகளில் காண்பது அரிது.

படங்களைக் கட்டளை வரியிலிருந்தே மாற்றும் இமேஜ்மேஜிக், டூபான்ட் நிறுவனத்தில் ஜான் கிறிஸ்டி 1987-இல் தொடங்கிய வேலை. 24 பிட் வண்ணப் படங்களை 256 நிறங்கள் மட்டுமே காட்டும் திரைகளில் காட்டுவதுதான் அப்போதைய தேவை. 1990 ஆகஸ்டில் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் 'கன்வெர்ட்' கட்டளை புதிய கோப்பை எழுதும். 'மோக்ரிஃபை' கட்டளையோ வேறிடமோ வேறு வடிவமோ குறிப்பிடாவிட்டால் அசல் கோப்பின் மேலேயே எழுதிவிடும். கையேட்டின் அந்த ஒரு வரியைப் படிக்காமல் அசல் படங்களை இழப்பது எளிது. இக்கருவியை நிரல்களும் இயக்கின. ஆனால் நிரலை எழுதிய மனிதர் கையேட்டை முன்கூட்டியே படித்திருந்தார்.

கையேடு கருவிக்குள்ளேயே குடியேறியது கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில். பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிஸும் 1995-இல் அதைத் தொடங்கினர். கிம்பில் ஒரு செருகுநிரல் சேரவேண்டுமானால் தன் பெயர், சுருக்க விளக்கம், நீண்ட உதவிக் குறிப்பு, ஆசிரியர், ஏற்கும் பட வகை, ஒவ்வொரு உள்ளீட்டின் வகையும் பொருளும் ஆகியவற்றைச் செயல்முறைத் தரவுத்தளத்தில் பதிந்தாக வேண்டும். அந்தப் பதிவு மனிதருக்கு உதவிப் பக்கம். நிரலுக்கு அழைப்பு விதி. செருகுநிரல்களின் முதல் உள்ளீடாக 'இயங்கு முறை' வைக்கப்பட்டது: 0 என்றால் திரைக்கு முன் ஆள் இருக்கிறார், உரையாடல் பெட்டியைத் திறக்கலாம், 1 என்றால் அழைப்பது நிரல், யாரையும் எதுவும் கேட்கக்கூடாது. கருவிகளைத் தாமே இயக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்களான முகவர்களுக்கு இன்று எழுதப்படும் ஆவணங்களின் உண்மையான முன்னோடி இதுதான்.

2022 நவம்பரில் அதே பெர்க்லியிலிருந்து வந்த இன்ஸ்ட்ரக்ட்பிக்ஸ்2பிக்ஸ் ஆய்வு, சாதாரண வாக்கியத்தால் படத்தைத் திருத்தும் வழியைக் காட்டியது. கையேட்டின் வேலை இங்கே கடினமாகிறது. பழைய கருவியில் ஒரே கட்டளைக்கு ஒரே விளைவு. இவ்வகை மாதிரிகளில் சீரற்ற தேர்வின் தொடக்க எண்ணை நிலைநிறுத்தாவிட்டால் ஒரே வாக்கியம் ஒவ்வொரு முறையும் வேறு படத்தைத் தரும். வானத்தை மாற்றச் சொன்னால் முகமும் சற்று மாறிவிடலாம்.

படத்தின் எந்தப் பகுதியை மாற்ற வேண்டும் என்று காட்டும் மறைப்புப் படத்தின் கதை இன்னும் தெளிவான பாடம். ஓப்பன்ஏஐ 2022-இல் வெளியிட்ட டால்-ஈ 2 திருத்தச் சேவையில் மறைப்பின் ஒளிபுகும் பகுதியே மாற்றப்பட்டது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பட மாதிரியைப் பலர் இயக்கப் பயன்படுத்தும் டிஃப்யூசர்ஸ் நூலகத்தில் வெள்ளைப் பகுதி மாறும், கறுப்பு அப்படியே நிற்கும். ஒன்றுக்குச் செய்த மறைப்பை மற்றொன்றுக்குக் கொடுத்தால் திருத்தம் தவறான இடத்தில் விழும். மனிதர் படத்தைப் பார்த்தவுடன் தவறை உணர்ந்து திரும்பச் செய்வார். விளைந்த படத்தைப் பார்க்க வசதியற்ற முகவருக்குக் கிடைப்பது 'வெற்றி' என்ற பதிலும் கோப்பின் பெயரும் மட்டுமே. எந்த நிறம் எதைக் குறிக்கும் என்ற ஒற்றை வரி ஆவணத்தில் இல்லையென்றால், அதை அறிய அதற்கு வேறு வழியில்லை.

முகவர்களுக்கான ஆவண வடிவங்கள் விரைந்து வந்தன. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ, கருவியின் பெயரையும் விளக்கத்தையும் உள்ளீட்டு வரையறையையும் மொழி மாதிரிக்கு நேரடியாகக் கொடுக்கும் வசதியைத் தந்தது. 2024 செப்டம்பரில் ஜெரமி ஹோவர்ட், மாதிரிகள் படிப்பதற்கென்றே எழுதும் எல்எல்எம்எஸ்.டிஎக்ஸ்டி கோப்பை முன்மொழிந்தார். அதே ஆண்டு நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை, கருவியும் முகவரும் பேசிக்கொள்ளப் பொது மொழி ஒன்றை வகுத்தது. கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முகவர் பெரிதும் நம்பியிருப்பது அந்த விளக்க வரிகளைத்தான். ஆகவே விளக்கம் மாறினால் கருவியின் நடத்தையே மாறியதுபோல் ஆகிறது.

2025 மார்ச் மாத எம்சிபி பதிப்பில் கருவிகளுக்குச் சில குறிப்புகள் சேர்க்கப்பட்டன: படிக்க மட்டும் செய்யுமா, இருப்பதை அழிக்குமா, இருமுறை அழைத்தாலும் கூடுதல் விளைவு இருக்காதா. படத்திருத்தக் கருவிக்கு இவற்றுள் முதன்மையானது இரண்டாவது. மோக்ரிஃபை கையேடு எச்சரித்த அதே செய்தி. ஆவணம் எழுதியவர் எதுவும் குறிக்காமல் விட்டால், அக்கருவி இருப்பதை அழிக்கக்கூடியது என்றே கொள்ள வேண்டும் என்பது அந்த நெறிமுறையின் விதி.