‘இன்னும் ஒரே ஒரு வளைவு’: கடினமான சைக்கிள் பயணத்தில் மந்திரமும் பாட்டும் எவ்வளவு கைகொடுக்கும்?

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சைக்கிளில் ஏறுபவருக்குப் பாதி வழியிலேயே தொடை எரியும், மூச்சு வாங்கும். அப்போது மனசுக்குள் ஒரு குரல் கேட்கும்: “போதும், இறங்கித் தள்ளிக்கிட்டே போயிடலாம்.” கூடவே இன்னொரு குரல்: “இன்னும் ஒரே ஒரு வளைவுதான்.”

அந்த இரண்டாவது குரலைத்தான் சைக்கிள் ஓட்டுபவர்கள் ‘மந்திரம்’ என்கிறார்கள். சிலருக்கு அது ஒரு வார்த்தை, சிலருக்குச் சாமி பெயர், சிலருக்கு ஒரு சினிமாப் பாட்டு. இதெல்லாம் வெறும் நம்பிக்கையா, இல்லை உண்மையிலேயே வேலை செய்கிறதா? விளையாட்டு அறிவியல் ஆய்வுகளில் இதற்கு எண்களோடு பதில் இருக்கிறது. அந்தப் பதிலுக்கு ஓர் எல்லையும் இருக்கிறது.

களைத்துப்போவது காலா, மனசா?

“இனி ஒரு மிதிகூட முடியாது” என்று நீங்கள் நிறுத்தும்போது, கால் உண்மையிலேயே தீர்ந்துபோய்விட்டதா? சாமுவேலே மார்கோரா, வால்டர் ஸ்டயானோ என்ற இரு ஆய்வாளர்கள் 2010-ல் இதைச் சோதித்தார்கள். 10 ரக்பி வீரர்களை ஆய்வகத்து சைக்கிளில் உட்கார வைத்து, சராசரியாக 242 வாட் சக்தியில், முடியாமல் நிறுத்தும்வரை மிதிக்கச் சொன்னார்கள். சுமார் பத்தரை நிமிடத்தில் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்திய உடனேயே, “5 விநாடி மட்டும் முழு வேகத்தில் மிதியுங்கள்” என்றார்கள். அப்போது அவர்கள் காட்டிய சராசரி சக்தி 731 வாட். 242 வாட் முடியாது என்று விட்டவர்கள், அடுத்த நொடியே அதைப் போல மூன்று மடங்கு காட்டினார்கள்.

5 விநாடி வேகமும் 10 நிமிட உழைப்பும் ஒன்றல்ல என்று இதற்கு மறுப்பும் உண்டு. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு. நாம் நிறுத்தும் இடத்தில் கால் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. ‘இதற்கு மேல் தாங்க முடியாது’ என்ற உணர்வு முந்திக்கொள்கிறது. மந்திரம் வேலை செய்வது அந்த உணர்வின் மேல்தான். காலுக்கு அது புது பலம் எதையும் தருவதில்லை.

தனக்குத்தானே பேசினால் என்ன ஆகும்?

2014-ல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேர் கலந்துகொண்டார்கள். இரண்டு குழுக்கள். ஒரு குழுவுக்கு, மிதிக்கும்போது தனக்குத்தானே ஊக்கமாகப் பேசிக்கொள்ள இரண்டு வாரம் பயிற்சி தரப்பட்டது. என்ன சொல்லிக்கொள்வது என்பதை அவரவரே தேர்ந்தெடுத்தார்கள்: நடுவழியில் சொல்ல ஒன்று, கடைசிக் கட்டத்துக்கு வேறொன்று.

பயிற்சிக்கு முன் இந்தக் குழு சராசரியாக 637 விநாடி தாக்குப்பிடித்தது. பயிற்சிக்குப் பின் 751 விநாடி. அதாவது 10 நிமிடம் 37 விநாடி என்பது 12 நிமிடம் 31 விநாடி ஆனது, 18% கூடுதல். அதே உழைப்பு முன்பைவிட லேசாகத் தெரிந்தது என்றும் அவர்கள் சொன்னார்கள். பயிற்சி இல்லாத குழுவிடம் இந்த முன்னேற்றம் இல்லை.

‘நான்’ என்பதா, ‘நீ’ என்பதா?

“என்னால முடியும்” என்பது ஒரு வகை. “உன்னால முடியும்டா, விடாத” என்பது இன்னொரு வகை. 2019-ல் 16 ஆண்களை 10 கிலோமீட்டர் மிதிக்கவைத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். ‘நீ’ என்று தன்னை அழைத்துப் பேசியபோது சுமார் 2% வேகமாக முடித்தார்கள். உழைப்பு கூடுதலாகத் தெரிந்ததா என்றால், அதுவும் இல்லை.

ஒரு காரணம் இப்படி இருக்கலாம்: ‘நீ’ என்று சொல்லும்போது வலியிலிருந்து நாம் ஓர் அடி தள்ளி நிற்கிறோம், பக்கத்தில் வரும் அண்ணன் தட்டிக்கொடுப்பது மாதிரி.

ஜெர்மனி வீரர் யென்ஸ் ஃபோக்ட் இதையே வேறு விதமாகச் செய்தார். கால்களைத் தனி ஆளாக நினைத்து, ‘வாயை மூடுங்க’ என்று அதட்டுவது அவருடைய பாணி. அது உலகமெங்கும் சைக்கிள்காரர்களின் வாசகமாகி, அவர் சுயசரிதைக்குத் தலைப்பும் ஆனது. 2014 செப்டம்பரில், 43 வயது முடிந்த மறுநாள், ஒரு மணி நேரத்தில் 51 கிலோமீட்டருக்கு மேல் மிதித்து அவர் உலக சாதனை படைத்தார்.

எண்ணிக்கையும் ஒரு மந்திரம்தான்

பிரான்ஸின் ஆல்ப் து ஊஎஸ் மலையில் 21 வளைவுகள். கீழிருந்து ஏறும்போது 21-ல் தொடங்கி 1 வரை எண் பலகைகள் குறைந்துகொண்டே வரும். மலை மொத்தத்தையும் நினைத்தால் மலைப்பாக இருக்கும். அடுத்த பலகையை மட்டும் நினைத்தால் தூரம் கைக்கு அடங்கும்.

நம் ஊருக்கு இது புதிது இல்லை. கிணற்றிலிருந்து ஏற்றம் இறைத்தவர்கள் பாடிய ஏற்றப்பாட்டில், எத்தனை சால் இறைத்தோம் என்ற எண்ணிக்கையும் சேர்ந்தே வரும். சபரிமலை ஏறுபவர்களின் சரண கோஷத்தில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பண்டரிபுரம் வாரியில் அபங்கம் பாடிக்கொண்டே நாள்கணக்கில் நடப்பார்கள். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பவை தாளம், திரும்பத் திரும்ப வரும் சொல், கூட வரும் ஆட்கள்.

பாட்டு வேகத்தைக் கூட்டுமா?

இந்தக் கேள்விக்கு நூறு வயது தாண்டிவிட்டது. பேண்டு வாத்தியம் ஒலிக்கும்போது பந்தய வீரர்கள் வேகமாக மிதிப்பதை லெனார்ட் ஏர்ஸ் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1911-லேயே பதிவு செய்தார்.

2010-ல் 12 மாணவர்களிடம் ஒரு தந்திரமான சோதனை நடந்தது. அவர்களுக்குச் சொல்லாமலே, அதே பாட்டுகளின் வேகத்தை ஒருமுறை 10% கூட்டினார்கள், ஒருமுறை 10% குறைத்தார்கள். கூட்டியபோது அவர்கள் கடந்த தூரம் 2.1% அதிகரித்தது. குறைத்தபோது 3.8% சரிந்தது. வேகமான பாட்டு தரும் லாபத்தைவிட, மந்தமான பாட்டு தரும் நஷ்டம் பெரிது!

2012-ல் வந்த இன்னோர் ஆய்வில், மிதிக்கும் தாளமும் பாட்டின் தாளமும் ஒத்துப்போனபோது, பாட்டு சற்று மெதுவாக ஓடிய வேளையைவிட ஆக்சிஜன் தேவை சுமார் 7% குறைந்தது.

உங்கள் கணக்கு எளிது. நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால், நிமிடத்துக்கு 140 தாளம் உள்ள பாட்டு ஒவ்வொரு கால் அழுத்தத்துக்கும் ஒன்றாகப் பொருந்தும்.

ஆனால் உழைப்பு உச்சத்தைத் தொடும்போது பாட்டின் செல்வாக்கு குறைந்துவிடும். மூச்சும் எரிச்சலும் கவனம் முழுவதையும் பிடித்துக்கொள்வதால், பாட்டு காதில் விழுந்தாலும் வலியை மறைக்காது. மிதமான வேகத்தில் நீண்ட தூரம் போகும்போதுதான் பாட்டு அதிகம் உதவும். செங்குத்தான ஏற்றத்தில் குட்டி வாசகம் மேல்.

சாமி மந்திரம் சொன்னால்?

2001-ல் இத்தாலிய ஆய்வாளர் லூசியானோ பெர்னார்டியின் குழு 23 பேரிடம் சோதித்தது. லத்தீன் ஜெபமாலை சொன்னாலும், பௌத்த மந்திரம் சொன்னாலும், மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 ஆகக் குறைந்தது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரே லயத்துக்கு வந்தன.

இது உட்கார்ந்த நிலையில் நடந்தது என்பதைக் கவனியுங்கள். ஏற்றத்தில் உடம்புக்கு நிறைய காற்று வேண்டும். அங்கே மூச்சை மெதுவாக்க முயலக் கூடாது. டீக்கடையில் நிற்கும்போதோ, புறப்படும் முன் படபடப்பு இருக்கும்போதோ நீண்ட மந்திரம் பொருந்தும்.

எப்போது மந்திரத்தை நிறுத்த வேண்டும்?

இந்த எண்களையெல்லாம் நிதானமாகத்தான் படிக்க வேண்டும். 10, 12, 16, 24 பேர் என்பவை சிறிய மாதிரிகள். பெரும்பாலும் இளம் ஆண்கள். ஆய்வகத்தில் லாரி வராது, வெயில் அடிக்காது. இந்தியச் சாலைகளில் 2022-ல் மட்டும் விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர்.

மந்திரத்தின் வேலை சலிப்பையும் சோர்வையும் சமாளிப்பது. கீழே உள்ளவை சோர்வு அல்ல, எச்சரிக்கை. இவை வந்தால் “விடாத” என்று சொல்லாதீர்கள், இறங்கிவிடுங்கள்:

• நெஞ்சு வலி, நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி. உடனே 108-ஐ அழையுங்கள்.
• வெயிலில் தலைச்சுற்றல், குளிர் நடுக்கம், பேச்சுக் குழறல், வழி குழம்புவது.
• முழங்காலில் ஒரே இடத்தில் குத்தும் வலி, மிதிக்க மிதிக்கக் கூடுவது.
• கண் சொருகுவது. 600 கி.மீ. பி.ஆர்.எம். பயணத்துக்கு 40 மணி நேரம்தான் கெடு. அதற்காகத் தூக்கத்தைப் பாட்டுப் போட்டுத் துரத்த முடியாது. 20 நிமிடம் படுத்து எழுவது நல்லது.

சாலையில் இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். பின்னால் வரும் வண்டியின் சத்தம்தான் உங்கள் கண்ணாடி. பிரான்ஸில் 2015 ஜூலை முதல், சைக்கிள் ஓட்டும்போது இயர்போன் மாட்டுவதே சட்டப்படி குற்றம். 1,200 கி.மீ. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணத்துக்குப் போகும் இந்தியர்களுக்கும் அது பொருந்தும். பாட்டை வீட்டில் கேட்டுவிட்டு, சாலையில் மனசுக்குள் ஓட்டுங்கள்.

உங்கள் மந்திரத்தை எப்படித் தயார் செய்வது?

• இரண்டு மூன்று சொல் போதும். மூச்சு வாங்கும்போதும் சொல்ல வர வேண்டும்.
• வீட்டில் பேசும் தமிழிலேயே இருக்கட்டும்; ‘நீ’ என்று அழையுங்கள்.
• சமவெளிக்கு ஒன்று, ஏற்றத்துக்கு ஒன்று, கடைசி 5 கிலோமீட்டருக்கு ஒன்று.
• “தோளைத் தளர்த்து, சின்ன கியர்” மாதிரி வேலை சொல்லும் வாசகம் ஒன்றும் சேருங்கள்.
• பயிற்சியிலேயே பழகுங்கள். அந்த 24 பேர் ஆய்விலும் பலன் கிடைத்தது இரண்டு வாரப் பழக்கத்துக்குப் பிறகுதான்.

அதோடு “இன்னைக்கு இது போதும்” என்ற வாசகத்தையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏறலாம்.