மாத்தறை வைரமும் திருச்சிக் கல்லும்

மதுரை மாநகரின் மணிக்கடைத் தெருவைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை விரித்துரைக்கின்றது. ஆங்கு வைரத்தை முதற்கண் நிறுத்தி, காகபாதம் முதலிய நான்கு குற்றங்களும் நீங்கியதே நல்வைரம் என்று இளங்கோவடிகள் குறிக்கின்றார். அக்காப்பியத்தின் வழக்குரை காதையோ, சிலம்பின் உள்ளிருந்த பரல் முத்தா மாணிக்கமா என்னும் ஒரே வினாவின்மேல் நிற்கின்றது. கல் இன்னது என்று ஆராயாது தீர்ப்புக் கூறியதால் ஓர் அரசனின் உயிரே போயிற்று. மணிகளைப் பற்றிய அறிவு செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வைரம் அரிய பொருள். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசில் நாட்டில் வைரம் கண்டெடுக்கப்படும்வரை, இந்தியாவும் சிறிய அளவில் போர்னியோத் தீவுமே உலகிற்கு அதனை வழங்கிவந்தன. பொருள் அரிதாயின் போலி எளிதில் தோன்றும். புட்பராகம், கோமேதகம், பளிங்கு, கண்ணாடி முதலியவற்றைக் கொண்டு போலி வைரம் செய்வோர் உளர் என்று கருட புராணத்தின் மணிப் பகுதியே எச்சரிக்கின்றது. மற்ற மணிகளையெல்லாம் வைரம் கீறும். வைரத்தை அவை கீறா என்னும் சோதனையும் அங்கே கூறப்பட்டுள்ளது.

இலங்கை தந்த வெள்ளைக் கல்

வைரத்திற்கு மாற்றாக நின்ற கற்களுள் தமிழுலகிற்கு மிக அண்மையில் பிறந்தது ‘மாத்தறை வைரம்’. இலங்கையின் தென்கோடியில் உள்ள மாத்தறைப் பகுதியில் கிடைத்த நிறமற்ற சிர்க்கோன் என்னும் கல்லே இப்பெயரால் விற்கப்பட்டது. சாம்பல் கலந்த கற்களை நெருப்பிலிட்டு நிறம் போக்கி வெண்மையாக்குவதும் உண்டு. ஒளியைச் சிதறடித்து வண்ணங்களாக வீசும் ஆற்றலில் இது வைரத்தை நெருங்கி நிற்பது. ஐரோப்பியர் சிலர் இதனைத் தரங்குறைந்த வைரம் என்றே நெடுங்காலம் கருதினர்.

1789-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலறிஞர் கிளாப்ரோத் இலங்கைச் சிர்க்கோனை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத ஓர் உலோகத்தின் ஆக்சைடு அதில் இருப்பதைக் கண்டார். அவ்வுலோகமே சிர்க்கோனியம். இலங்கை ஆற்றுமணலிலிருந்து வந்த கல் ஒன்று புதிய தனிமத்தை உலகிற்கு அறிவித்ததோடு, பின்னாளில் மிகப் பெரிய மாற்று வைரத்திற்கும் வித்திட்டது.

உலையில் பிறந்த கற்கள்

ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகை வணிகர் ஸ்திராஸ் என்பவர் ஈயங் கலந்த கண்ணாடியைப் பட்டை தீட்டிப் பெரும்புகழ் பெற்றார். அது பளபளத்ததேனும் மென்மையானது, விரைவில் தேய்ந்துவிடும். 1902-இல் பிரெஞ்சு அறிஞர் வெர்னூய், தீச்சுடரில் தூளை உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அம்முறையில் நிறமற்ற கற்களும் பிறந்தன.

இக்கற்களைப் பட்டை தீட்டும் தொழில் வேரூன்றிய தமிழ் நகரம் திருச்சிராப்பள்ளி. திருச்சியிலும் புதுக்கோட்டை வட்டாரத்திலும் இது குடிசைத் தொழிலாகப் பரவியது. குச்சியின் நுனியில் அரக்கு வைத்துக் கல்லைப் பதித்து, சுழலும் சாணையில் பட்டை பட்டையாகத் தேய்ப்பர். ஆண்களும் பெண்களும் வீட்டிலிருந்தே செய்த இவ்வேலையால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. மூக்குத்திக்கும் தோட்டுக்கும் உரிய மிகச் சிறிய கல்லிலும் பட்டை பிசகாமல் தீட்டும் கைத்திறனைப் ‘போலி’ என்ற ஒரு சொல்லால் தள்ளிவிடுதல் நீதியாகாது.

1937-இல் இயற்கைச் சிர்க்கோன் ஒன்றினுள் கனசதுரப் படிக அமைப்புடைய சிர்க்கோனியம் ஆக்சைடை ஜெர்மானியர் இருவர் கண்டனர். இப்பொருளை உருக்க ஏறத்தாழ 2,750 பாகை வெப்பம் வேண்டும். அதனைத் தாங்கும் பாத்திரம் கிடைப்பதரிது. குளிர்நீர் ஓடும் செப்புக் குழாய்களுக்கு நடுவே தூளை வைத்து, அத்தூளின் உருகாத வெளித்தோடே பாத்திரமாக அமையுமாறு செய்து, சோவியத் அறிஞர்கள் 1970-களில் இத்தடையை வென்றனர். 1976 முதல் இக்கல் சந்தைக்கு வந்தது. இந்தியக் கடைகள் இதற்கு இட்ட பெயர் ‘அமெரிக்கன் டைமண்ட்’! இது வைரமும் அன்று. இதன் உற்பத்தி முறை முதிர்ந்ததும் அமெரிக்காவில் அன்று. திருச்சிப் பட்டறைகளும் இதனை ஏற்றுக்கொண்டன. பின்னர்ச் சீனாவின் இயந்திரங்கள் மலிவாகத் தீட்டித் தள்ளிய கற்களால் அக்கைத்தொழில் மிகவும் நலிந்தது.

1998 முதல் நகைக் கடைகளுக்கு வந்த மாய்சனைட்டு, சிலிக்கனும் கரியும் கூடிய வேறொரு கல். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் வைரமோ மாற்றுக் கல் அன்று. அது கரியின் படிகமாகிய வைரமே. பிறப்பிடம் மட்டுமே வேறு.

இனங் காணுதலும் பேணுதலும்

ஒரே பருமனுள்ள கற்களுள் கனசதுரச் சிர்க்கோனியா வைரத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். இயற்கைச் சிர்க்கோனை உருப்பெருக்கியால் நோக்கின் பின்புறப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டையாகத் தோன்றும். வெப்பக் கடத்தலைக் கொண்டு வைரத்தை அறியும் கருவியை மாய்சனைட்டு ஏமாற்றிவிடும். ஆதலின் ஒரு சோதனையை மட்டும் நம்புதல் தகாது. வீட்டில் கீறிப் பார்த்தல் கூடவே கூடாது. நல்ல கல்லும் அதனால் கெடும்.

கடினத்தில் வைரம் 10; மாய்சனைட்டு 9¼; கனசதுரச் சிர்க்கோனியா 8-க்குச் சற்று மேல்; இயற்கைச் சிர்க்கோன் ஏறத்தாழ 7; கண்ணாடி 5 அல்லது 6. தூசியிலுள்ள நுண்மணல் 7. எனவே தூசி படிந்த கண்ணாடிக் கல்லை உலர்ந்த துணியால் துடைத்தால் மணலே அதனைக் கீறிவிடும். சிர்க்கோன் நொறுங்கும் இயல்புடையது. பல கற்களை ஒரே தாளில் மடித்து வைத்தால் ஒன்றோடொன்று உரசி விளிம்புகள் உதிரும். ஒவ்வொரு நகையையும் தனித்தனியே மென்துணியில் சுற்றி வைத்தல் நலம்.

கல் மங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் பின்புறம் படியும் தலையெண்ணெய், மஞ்சள், சந்தனம் ஆகியவையே. பின்புறம் திறந்த கட்டாயின் வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கலந்து மெல்லிய தூரிகையால் கழுவலாம். அரக்கும் பளபளப்புத் தகடும் வைத்து மூடிய பழைய கட்டை நீரில் அமிழ்த்தலாகாது. ஈரம் புகுந்தால் தகடு கறுத்துக் கல் குருடாகும். அதனை ஈரம் பிழிந்த துணியால் துடைத்தலே போதும். நகையைப் பற்றவைக்கும்போது கல்லைக் கழற்றிவிடுமாறு பத்தரிடம் சொல்லுதல் வேண்டும்.

பாட்டியார் விட்டுச்சென்ற தோட்டை “வைரமன்று” என்று பிறர் சொன்னவுடன் கண்ணாடியென எண்ணிக் கழித்துவிடுவோர் உண்டு. அது மாத்தறையின் இயற்கை மணியாகவும் இருக்கக்கூடும். வெள்ளைக் கல்லை வைரவிலை கொடுத்து வாங்கித் திருமணத்திற்குப் பின் மனம் வருந்துவோரும் உண்டு. இருவர் இழப்பிற்கும் காரணம் பெயர் மறைக்கப்பட்டதே. பொன்னின் தரத்தைக் குறிக்கும் நம் ‘மாற்று’ என்னும் சொல் மலாய் மொழியில் ‘மூத்து’ என்றாகி, இன்று எல்லாப் பொருளின் தரத்தையும் குறிக்கின்றது. தரத்திற்குச் சொல் தந்த மக்கள், வாங்கும் கல்லின் உண்மைப் பெயரை விலைச்சீட்டில் எழுதித் தருமாறு கேட்பதற்குக் கூசவேண்டியதில்லை.