பலூவுக்கு இடம் எங்கே?

எல்லாக் காலத்திற்கும் உரிய இந்திய கிரிக்கெட் அணி எது? செங்கற்பட்டுத் தேநீர்க் கடையிலும் மாமல்லபுரத்துக் கடற்கரை மணலிலும் பட்டியல் போடாத இளைஞர் உண்டோ? கவாஸ்கர், டெண்டுல்கர், கபில்தேவ், கும்ப்ளே எனப் பெயர்கள் பொழிகின்றன. பட்டியல் யாருடையதாயினும் சரி, இந்தியா முதல் டெஸ்ட் ஆடிய 1932க்கு முன்னே ஓரடியும் அது செல்வதில்லை. எல்லாக் காலமும் என்கிறீர். காலத்தின் தலையைக் கொய்துவிட்டன்றோ கணக்குப் போடுகிறீர்!

கொய்யப்பட்ட பகுதியிலேதான் நிற்கிறார் பல்வங்கர் பலூ. தோல்தொழிலோடு பிணைத்துத் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். புனாவில் வெள்ளையர் மன்றத்தின் திடலைச் செப்பனிட்டு, வலை கட்டி, கூலி பெற்றவர். துரைமார்களின் பயிற்சிக்குப் பந்து வீசி வீசியே இடக்கைச் சுழற்பந்தில் வல்லவரானார். வெள்ளையரை வெல்ல இந்து அணிக்கு அவர் தேவைப்பட்டார், அழைத்துக்கொண்டனர். ஆனால் இடைவேளையில் மற்றவர்க்கு உள்ளே பீங்கான் கோப்பை. அவருக்கு வெளியே மண் குவளை! அவர் கைப்பட்ட பந்தில் தீட்டு இல்லை, வெற்றி வேண்டுமே! அவர் வாய்பட்ட கோப்பையில்தான் தீட்டு குடியிருந்ததாம். 1906இல் இந்து அணி ஐரோப்பியரை வீழ்த்தியது. 1911இல் பாட்டியாலா மன்னர் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணிக்காக அவர் சாய்த்த விக்கெட்டுகள் 114. மன்னருக்குத் தலைமை, மண் குவளைக்காரருக்கு உழைப்பு! இந்து அணியின் தலைமை பலூவுக்குக் கடைசிவரை தரப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்கே, 1923இல், அது கிட்டியது. 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துப் பலூ நின்றார், தோற்றார். அந்த வகையில் நமக்கு அவரோடு உடன்பாடில்லை. பந்துவீச்சுக்கு அது குறையாகுமா?

நம் மாவட்டத்து மொரப்பாக்கத்தில் பிறந்த எம்.ஜே. கோபாலனையும் மறத்தல் ஆகாது. 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தை வீசியவர் அவர். வளைகோல் பந்தாட்டத்திலும் தேர்ந்தவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கை விடுத்து இங்கிலாந்து சென்ற கிரிக்கெட் குழுவில் சேர்ந்தார். பெர்லினில் இந்தியா பொன் வென்றது. இங்கிலாந்தில் அவருக்கு ஒரு டெஸ்டிலும் இடமில்லை. அக்குழுவின் தலைவர் விசயநகரத்து இளவரசர்!

சொற்சண்டை வேறு நடக்கிறது. மட்டைப்பந்தா, ஈழத்தார் கூறும் துடுப்பாட்டமா? துடுப்பு என்றால் மாமல்லபுரத்து மீனவர் வீட்டுப் பிள்ளைக்குப் படகுதானே நினைவில் வரும்! தென்னை மட்டையைச் செதுக்கி ஆடும் சிறுவனுக்கு மட்டை என்பதை விளக்க வேண்டியதில்லை. நம் வாக்கு மட்டைக்கே. விக்கெட்டை இலக்கு என்பது அழகு. ரன்னை ஓட்டம் என்பதில் எவருக்கும் தடையில்லை.

சொல்லிலும் ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கும், தோழர்களே! இங்கிலாந்தில் ஊதியமின்றி ஆடிய செல்வர் ‘கனவான்’. கூலிக்கு ஆடியவர் வெறும் ‘ஆட்டக்காரர்’. ஆட்ட அட்டையில் முன்னவரின் தலைப்பெழுத்துப் பெயருக்கு முன்னே, பின்னவரின் தலைப்பெழுத்துப் பெயருக்குப் பின்னே! 1962இல்தான் அப்பிரிவினை ஒழிந்தது. ஆகவே நாம் எழுதும் பட்டியலில் எல்லாரும் ஆட்டக்காரரே. இடக்கைச் சுழலுக்குப் பிஷன் சிங் பேடி, அவருக்கு முன்னதாகப் பல்வங்கர் பலூ. பன்னிரண்டாமவர் மொரப்பாக்கத்துக் கோபாலன்.